படத்தில் இல்லாத மகன்

போன மாதம் எங்கள் கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு செத்தவீடு. என் பக்கத்து வீட்டு மீனவர் அந்தோனி அண்ணன். அடக்கத்துக்கு முன் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று படம் எடுப்பது இங்கே வழக்கம். என்னிடம் பெரிய கமெரா இருக்கிறது. பெரிய கமெரா இருந்தால் நல்ல படம் வரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள்... பெரிய சட்டி வாங்கினால் கறி ருசிக்கும் என்பது போல!

நானும் என் கலையைக் காட்டினேன். உருகும் மெழுகுதிரி, செபமாலை பிடித்த விரல்கள், யன்னல் வெளிச்சத்தில் பாதி முகம் – எல்லாம் கறுப்பு வெள்ளை. பிரிண்ட் போட்டு, அண்ணனின் மனைவி மெற்றில்டா அக்காவிடம் பெருமையோடு நீட்டினேன்.

"இதில ஆக்களக் காணல்லையே தம்பி? கலர் முடிஞ்சு போச்சா?"

நல்லவேளை, வழக்கமான படமும் ஒன்று எடுத்திருந்தேன். எல்லோரும் வரிசையாக, கமெராவை முறைத்தபடி. எனக்குப் பிடிக்காத படம். அதைத்தான் அக்கா நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இதில எங்கட ஜூட்டையும் நிப்பாட்டித் தாங்களேன்."

ஜூட் மூத்த மகன். இத்தாலியில் இருக்கிறான். அங்கே தங்குவதற்கான பேப்பர் இன்னும் கிடைக்கவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. அப்பாவின் அடக்கத்தை ஃபோனில்தான் பார்த்தான்.

எனக்குள் இருந்த கலைஞனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அக்கா, வெளிச்சத்தக் கூட்டுவன், குறைப்பன். இல்லாத ஆள வைக்க ஏலாது. படம் எண்டா உண்மையா இருக்கணும்."

அக்கா படத்தில் பெட்டிக்குள் கிடந்தவரைத் தொட்டுக் காட்டினார். "இது உண்மையா? இடுப்புச் சாரத்தத் தவிர ஒண்டும் உடுக்காத மனுசன். கோட்டு, டை, வெள்ளைக் கையுறை... கடலுக்கா போறார், கந்தோர் உத்தியோகத்துக்கா?" சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

வீட்டின் நிறத்தையெல்லாம் உருவி எடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கியவன் நான். அதற்கு யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லையே! நாம் செய்தால் கலை... அடுத்தவர் கேட்டால் பித்தலாட்டம்.

சரியென்று, ஜூட் வீட்டுக்கு அனுப்பியிருந்த படங்களை வாங்கிப் பார்த்தேன்; எல்லாவற்றிலும் பல் தெரியச் சிரித்தான். ஊருக்கு அனுப்பும் படத்தில் யார்தான் அழுதுகொண்டு நிற்பார்கள்? தேடிப் பிடித்து, வாய் மூடியிருந்த ஒன்றை எடுத்தேன். பெட்டியின் கால்மாட்டில்தான் இடம் இருந்தது. அங்கே அவனை நிறுத்தி, அக்காவுக்கும் அவனுக்கும் அனுப்பி வைத்தேன்.

அன்றே ஜூட் அழைத்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"அண்ணே... நான்தானே மூத்தவன்? அப்பாட தலைமாட்டில நிக்க ஏலாதா?"

உடனே உட்கார்ந்து, அவனைத் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கே நின்ற அவனுடைய சித்தப்பாவைக் கால்மாட்டுக்கு அனுப்பினேன் – அவரிடம் இன்னும் சொல்லவில்லை.