பீயுனின் பச்சைப் பொட்டலம்

"மதர்போர்டு போட்டோ இருக்கா? வாயால சொல்லாத, போட்டோ காட்டு" என்று கையை நீட்டுகிறாள் பீயுன். வந்தவன் போனைக் கொடுக்கிறான். மற்ற விரல்களில் பன்றிக்கறிச் சோற்றின் எண்ணெய், அதனால் சுண்டுவிரலால் படத்தைப் பெரிதாக்குகிறாள். உள்ளே விசிறி எவ்வளவு உயரம், எந்த ப்ராசசர், என்ன வேலைக்கு என்று கேள்விகள். பெண் பார்க்க வந்த மாமியார்கூட இத்தனை கேட்கமாட்டாள். கடைசியில், "அவ்வளவு வேகம் வேணாம் தம்பி, உன் போர்டு தாங்காது" என்று விலை குறைந்த ரேமை எடுத்து வைக்கிறாள். இதுவா வியாபாரம்?

தைபேயின் குவாங்ஹுவா கணினிச் சந்தையில், என் கடைக்கு நேர் எதிரே அவள் கடை. என்னிடம் வண்ண விளக்கு எரியும் ரேம்கள் கண்ணாடிக்குள் ஜொலிக்கின்றன. அவளிடம் ஒரு பழைய மேஜை, ஒரு கணினி, அதன் தலையில் பச்சைச் சோளப்பொரிப் பொட்டலம். அந்தப் பொரியின் பெயருக்கே 'சமத்து' என்றுதான் அர்த்தம். இயந்திரம் அடம்பிடிக்காமல் இருக்க இங்கே எல்லாரும் வைப்பதுதான். நானும் வைத்திருந்தேன், போன வாரம் பசியில் தின்றுவிட்டேன். கூட்டமோ அவள் பக்கம். எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன்.

இன்று மதியம் ஜுங்ஹான் தன் கணினியையே தூக்கிக்கொண்டு வந்தான். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், என் வெகுநாள் வாடிக்கை. நேற்றுதான் அவனுக்கு அதிவேக ரேம் இரண்டு ஜோடி விற்றேன். ஒரே கம்பெனி, ஒரே வேகம். "நாலையும் போடு, பறக்கும்" என்று சொன்னதும் நான்தான். கணினி உயிர்க்கவே இல்லை.

"அண்ணே, நாளைக்குப் பொண்ணு வீட்டுல வீடியோ கேப்பாங்க. கழுத்தறுத்துட்டீங்களே!"

கழற்றி மாட்டினேன். போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். கறுப்புத் திரைதான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்கே போய்விட்டான்.

பீயுன் உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஜோடி ஜோடியா சோதிச்சு விக்கிறது இது. நாலையும் சேர்த்து மாட்டி இந்த வேகத்துல ஓடுன்னா போர்டு என்னடா பண்ணும்?" ஒரு ஜோடியைக் கழற்றினாள். மற்ற ஜோடியை ஒரு துளை விட்டு ஒரு துளையில் மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. எனக்கு மனம் குளிர்ந்தது.

"அக்கா, வரலையே" என்று ஜுங்ஹான் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான். அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். "தொடாத! புது ரேமை போர்டு பழகிப் பார்க்குது, கொஞ்ச நேரமாகும். எதிர்க்கடைக்காரர் மாதிரி பறக்காத."

மீதிச் சோற்றை நிதானமாகத் தின்றாள். அவன் நகம் கடித்தான். வராதே, வராதே என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோதே திரை வெளிச்சமானது.

"உன் வேலைக்கு இந்த ஜோடியே போதும். ரேம் நல்ல ரேம்தான்டா, எதிர்க்கடை ஹுவாங் முதலாளிகிட்ட சரக்கு சுத்தம். மிச்சத்தைத் திருப்பி வாங்கிக்குவார்" என்றாள், எனக்குக் கேட்கட்டும் என்றே உரக்க. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மிச்ச ஜோடியை அவளே கொண்டுவந்து என் கண்ணாடிமேல் வைத்தாள். என் கணினியின் வெறுந்தலையைப் பார்த்தாள். "தின்னுட்டீங்களா?"

அவள் திரும்பிப் போய்த் தன் பச்சைப் பொட்டலத்தை எடுத்துவந்து என் கணினிமேல் வைத்தாள். பிறகு, பொரியின் பெயர் எழுதிய பக்கம் என் முகத்தைப் பார்க்கும்படி அதைத் திருப்பிவிட்டுப் போனாள்.