நேரில் பார்க்காமல் கொடுப்பதில்லை

தெருவில் அவளுக்கு வீட்டுப்படக்காரி என்று பெயர். விற்கப்போகும் வீடு, இடிக்கப்போகும் வீடு, பிறந்து வளர்ந்த வீடு என்று யார் எதைக் கேட்டாலும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுப்பாள். வீட்டுக்குள் அவளுக்கு இன்னொரு பெயர், இன்ஸ்பெக்டர். அதை வைத்தவள் நாத்தனார்.

காரணம் இல்லாமல் வைக்கவில்லை. முன்பொரு அம்மாள் படத்தை வாங்கிப்போய், விருந்தாளிகள் வந்த அன்று கூடத்தில் மாட்டி அழகு பார்த்துவிட்டு, மறுநாளே சோபா நிறத்துக்கு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினாள். சட்டத்தில் யாருடைய எண்ணெய்க் கையோ பதிந்திருந்தது. இன்னொரு ஆள், ஓவியம் பிடித்திருக்கிறதா என்று கேட்டு அவள் அனுப்பிய புகைப்படத்தையே அச்சடித்துக் கடை போட்டு விற்றுவிட்டார். அன்றிலிருந்து அவள் செல்போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் குறுக்கேயும் வீட்டில் ஆர்டர் எடுக்கும் போனின் எண் கொட்டை எழுத்தில் ஓடும். வீட்டை நேரில் பார்த்து நிறம் சரிபார்க்காமல் எதையும் கொடுக்கவும் மாட்டாள்.

வாடிக்கையாளர்களிடம் பேசுவது நாத்தனார் பொறுப்பு.

"நீங்க பேசினா வாங்க வந்தவங்க சரணடைஞ்சிட்டுப் போறாங்க அண்ணி," என்பாள்.

இந்த முறை ஆர்டர் கொடுத்தவள் ஒரு நர்ஸ். மெல்லிய குரல், பேச்சில் அவ்வளவு மரியாதை. அதுவே வீட்டுப்படக்காரிக்கு உறுத்தியது. நர்ஸ் அனுப்பிய புகைப்படங்கள் எல்லாம் ஒரே கோணத்தில், ஓடும் பஸ்ஸுக்குள்ளிருந்து எடுத்தவை. ஓரத்தில் பஸ் ஜன்னல் கம்பி தெரிந்தது. படத்தில் மாடி ஜன்னலை மட்டும் திறந்து வரையச் சொன்னாள். யார் வீடு என்று கேட்டதற்கு, "எங்க வீடு மாதிரிதான்," என்றாள். கடைசியில், "தயவுசெஞ்சு நீங்க நேர்ல மட்டும் போகாதீங்க," என்று ஒரு குரல் செய்தி.

"சொந்த வீட்டை எவளாவது பஸ்ல இருந்து போட்டோ எடுப்பாளா? மாடி ஜன்னல் எதுக்குத் திறந்திருக்கணும்? திருட நோட்டம் பாக்குறாளோ?"

"காத்து வரட்டும்னு கேட்டிருப்பாங்க. கைதிய விசாரிக்கிற மாதிரி விசாரிக்காதீங்க அண்ணி. நம்ம ஆர்டர்ல பாதி அவங்க ஆஸ்பத்திரி நர்சுங்க கொண்டுவர்றது."

படம் என்னவோ நன்றாக வந்திருந்தது. அத்தனை நன்றாக வந்த ஒன்றைத் திருட்டுக்குத் துணைபோக அனுப்புவதா என்று அவள் மனம் குடைந்தது. நாத்தனாரிடம் வண்ணம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, புகைப்படத்தின் ஓரத்தில் ஒரு கடைப் பலகையில் தெரிந்த தெருப் பெயரை வைத்து அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

வீடு திருப்பத்திலேயே இருந்தது. சுவரின் மஞ்சள் அவள் தீட்டியதைவிடக் கொஞ்சம் அழுக்கு. மாடி ஜன்னல் இறுக மூடியிருந்தது. எதிர்ப்பக்கம் நின்று செல்போனில் இருந்த தன் ஓவியத்தின் படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என் வீட்டை என்னம்மா அப்படி அளந்து பாக்குறே?"

அவள் போனை மறைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். பார்வை நேராக மாடி ஜன்னலுக்குப் போனது. முகம் மாறிவிட்டது.

"இந்த ஜன்னலத் திறந்து போடச் சொன்னது என் மகதானே? எங்க இருக்கா?"

"யாரோ கொடுத்த போட்டோங்க. எனக்குத் தெரியாது."

பெரியவர் தேம்பித் தேம்பி அழுதார். வேறு யாராக இருந்தாலும் உருகியிருப்பார்கள். வீட்டுப்படக்காரியோ, இந்த அழுகை இவ்வளவு சீக்கிரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடி பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போது நாத்தனார் போனில் குழைந்துகொண்டிருந்தாள்.

"வாடிக்கையாளர் விவரம்தானேங்க, ஒரு நிமிஷம், எடுத்துச் சொல்றேன்..."

மறுமுனையில் யாரென்று வீட்டுப்படக்காரிக்குப் புரிந்தது. படத்தின் குறுக்கே அவளே எழுதிவைத்த எண்ணை அந்தப் பெரியவர் மனப்பாடம் செய்திருக்கிறார். போனைப் பிடுங்கினாள்.

"அந்தப் படத்த நானே வாங்கிக்கிறேம்மா," என்றார் அவர்.

"வித்தாச்சுங்க."

"யாருக்கு?"

"அதைச் சொல்ற வழக்கம் எங்ககிட்ட இல்ல."

"சரி, அவ சுகமா இருக்காளான்னு மட்டும் சொல்லும்மா."

ஆமாம் என்று சொன்னாலே அவளைத் தெரியும் என்றாகிவிடும். போனை வைத்தாள். இன்னும் எதையும் சொல்லவில்லை என்று நாத்தனார் தலையாட்டினாள்.

மறைத்தால் தப்பிக்கலாம். ஆனால் அவர் அந்த எண்ணை வைத்து விலாசம் விசாரித்து எந்த நேரமும் இங்கே வந்து நிற்கலாம், அந்தப் பெண்ணும் படம் வாங்க வந்து நிற்கலாம். அவளே நர்ஸை போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். இப்போது விசாரணை அந்தப் பக்கத்திலிருந்து நடந்தது.

"பஸ்லயா போனீங்க? பின்னாடி யாரும் ஏறினாங்களா? ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை வந்துச்சா?"

"இல்ல. வரவே இல்ல."

"அழுதாரா?"

"அழுதார்."

"நல்லாவே அழுவார். என்னை அந்த மாடி ரூம்ல பூட்டி வச்சப்பவும் கதவுக்கு வெளிய உக்காந்து அழுதவர்தான்."

வீட்டுப்படக்காரி மன்னிப்பு கேட்டாள்.

"உங்க வீட்டுக்கு வர மாட்டேன். ஆஸ்பத்திரி வேண்டாம். ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொண்டுவாங்க. தனியா வாங்க."

மறுநாள் கூட்ட நேரத்தில், பழைய போர்வையில் சுற்றிய படத்தோடு வீட்டுப்படக்காரி நடைமேடையில் நின்றாள். வந்த நர்ஸின் கையில் பயணப் பெட்டி இருந்தது. போர்வையை விலக்கிப் பார்ப்பாள், நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று வீட்டுப்படக்காரி காத்திருந்தாள். நர்ஸ் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவள் கண் வீட்டுப்படக்காரியின் தோளைத் தாண்டி, படியிறங்கி வரும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தது.

வீட்டுப்படக்காரியும் திரும்பி, அதே கூட்டத்தில் அந்தப் பெரியவரின் முகத்தைத் தேடினாள்.