முறுக்கு மில்லின் தோற்றமும் மறைவும்

என் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாதி முகத்தை மழித்து முடித்திருந்தபோது இறந்துபோனார். மீதிப் பாதியை மழிக்க அவருக்கு மத்தியானம் வரை நேரம் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. அவருக்குத் தமிழ் நன்றாக வரும் என்று யாரோ ஒரு புண்ணியவான் அவரிடம் சொல்லிவைத்திருந்தார்.

மாமா இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். தேடி அலுத்துப்போய், சிநேகிதர்களோடு சேர்ந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு நடைவழி போட்டார். ரயில் நிலையத்தில் ஆரம்பித்து, தண்டவாளத்தை ஒட்டியே வந்து, மூடிக்கிடக்கும் ஆலைகளையும் சாயப் பட்டறைகளையும் பார்த்துக்கொண்டு, பிள்ளையார்பாளையம் தெருக்களுக்குள் நுழைந்து கோயில் குளத்தில் போய் முடியும் வழி. சென்னையிலிருந்து ஆட்கள் தொப்பியும் ஷூவும் போட்டுக்கொண்டு வந்து அதில் நடப்பார்களாம். "கோயிலுக்கு வருவாங்க, பொடவைக்கு வருவாங்க. நடக்கறதுக்காடா வருவாங்க?" என்று அம்மா கேட்டாள். மாமா சிரித்தார். படித்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் தெருக்கோடியில் இருந்தது முறுக்கு மில். பட்டு நூலை முறுக்கேற்றித் தரும் ஆலை. ரொம்ப நாள்வரை அங்கே தின்கிற முறுக்குதான் சுட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன். நான் கைக்குழந்தையாக, அம்மாவோடு பாட்டி வீட்டில் இருந்தபோதே அதை மூடிவிட்டார்கள். அப்பா அதில் மெக்கானிக்காக இருந்தவர். பிறகு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்துக்கொண்டார். மில்லைப் பற்றி வீட்டில் பேச மாட்டார். மாமா விடாமல் துளைத்ததால், நடைவழிக்காக அவரிடம் மட்டும் இரண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஏதோ சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் நடை. முந்தைய நாள் மில் வாசலில் மாமா ஒரு பெரிய பலகை நட்டிருந்தார். மேலே மில்லின் பெயர். நடுவில், அங்கே வேலை பார்த்த ஒருவர் முகம் இருக்கட்டும் என்று அப்பாவின் படம்: வெள்ளைச் சட்டை, விறைத்த கழுத்து, சிரிப்பே கிடையாது. மூலையில் குத்துவிளக்கு, அதுதான் நடைவழிக்காரர்களின் சின்னம். படத்தின் கீழே, மில் எப்போது தொடங்கியது, எப்போது மூடியது என்பதைச் சாதாரணமாக எழுத மாமாவுக்கு மனம் வரவில்லை. "தோற்றம்" என்று எழுதி ஓர் ஆண்டும், "மறைவு" என்று எழுதி ஓர் ஆண்டும் போட்டிருந்தார்.

தமிழ்நாட்டில் சுவரைப் பார்த்து நடக்கும் எவருக்கும் இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து எங்கே வரும் என்று தெரியும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வரும். மாமாவுக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, அப்பாவை அவ்வளவு பெரிதாகப் பார்த்த பெருமையில் நான் எதையும் படிக்கவே இல்லை. எங்கள் தெருக்காரர்கள் படித்தார்கள், சிரித்தார்கள். அவர்களுக்கென்ன, அப்பா எதிரிலேயே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஆனால் யாரோ அதைப் போனில் படம் பிடித்து அனுப்ப, அது கைமாறிக் கைமாறி வாலாஜாபாத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் என் அத்தை, அப்பாவின் அக்கா, இருந்தாள். மறைவு என்ற சொல்லைப் பார்த்த பிறகு பக்கத்திலிருந்த ஆண்டை யார் பார்க்கப் போகிறார்கள்?

அத்தையை நான் அதுவரை கல்யாண ஆல்பத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். அத்தை மகளுக்கு ஒரு தைப்பூசத்தன்று காது குத்தியபோது, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று கோயிலில் எல்லோரும் காத்திருந்திருக்கிறார்கள். அப்பா போகவே இல்லை. கடைசியில் வேறு யார் மடியிலோ வைத்துக் குத்தினார்கள். புகுந்த வீட்டார் முன்னால் அத்தைக்குப் பெரிய தலைகுனிவு. எனக்குத் தம்பியே இல்லை என்று அவள் போனில் சொல்ல, நான் செத்தால்கூட வராதே என்று அப்பாவும் சொல்லிவிட்டார். இது எனக்கு அம்மா சொல்லித் தெரியும். ஏன் போகவில்லை என்று கேட்டால் அம்மா உதட்டைப் பிதுக்குவாள். அவளிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

அன்று காலை நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். யாரென்று தெரியாத ஒரு பெண், தலை அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்து ஓடி வந்தாள். ஒரு கையில் ரோஜா மாலை, கக்கத்தில் இடுக்கிய பையில் புது வேட்டி. "என் கூடப்பொறந்த ராசா, சொன்ன சொல்லக் காப்பாத்திட்டியேடா, என்ன வரவேணாம்னு சொல்லிட்டு நீ பூட்டியேடா" என்று தெருவே அதிரக் கத்தினாள். அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவோ நாத்தனாரை இந்தக் கோலத்தில் பார்த்ததும், வாலாஜாபாத்தில் அத்தை புருஷன்தான் போய்விட்டார் என்று முடிவு கட்டி, "அண்ணி, ஒங்களுக்கா இந்தக் கதி" என்று அவளும் ஆரம்பித்தாள். ஒருத்தி புருஷனுக்காக இன்னொருத்தி அழுதாள். நான் வாயில் நுரையோடு தூணுக்குப் பின்னால் ஒண்டினேன். சற்று முன்தான் அப்பா கொல்லையில் கண்ணாடி மாட்டிச் சவரம் செய்வதைப் பார்த்திருந்தேன். அப்படியும், அப்பா செத்துப்போய்விட்டார் என்றே அந்த நேரத்தில் நம்பினேன். போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது.

அதே சமயம் தெருக்கோடியில், மில் வாசலுக்கு நடைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். முன்னால் மாமா, இடுப்பில் சின்ன ஸ்பீக்கர், வாயருகே மைக். அக்கா வீட்டிலிருந்து ஒப்பாரி கேட்டதும் அவருக்கு மைக் இருப்பதே மறந்துவிட்டது. "ஐயோ, மாமா" என்று என் அப்பாவை நினைத்து அவர் அலறியது சாயப் பட்டறை வரை கேட்டது.

அப்போதுதான் அப்பா வெளியே வந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, கையில் ரேசர், தோளில் துண்டு. அத்தை அழுகையை நடுவில் நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. செத்துவிட்டார் என்று அழுதபோதுகூட அவள் அவ்வளவு மிரளவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, அந்த மாலையாலேயே அப்பாவின் தோளில் மாறி மாறி அடித்தாள். ரோஜா இதழெல்லாம் நுரையில் ஒட்டிக்கொண்டது.

"உயிரோடவே இருந்துக்கினு பத்து வருஷமா ஒரு போன் போட முடியலயாடா ஒனக்கு? எம்பொண்ணு காது குத்துக்கு வராதவன்தானே நீ" என்றாள். அப்பா அடி வாங்கிக்கொண்டு நின்றார். அத்தை மாலையைத் தெருவில் வீசிவிட்டு, "நான் வந்ததாவே நெனச்சுக்காத" என்று பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தாள்.

மாமாவுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. பலகையை மறைத்தபடி நின்று, வந்தவர்கள் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்று மைக்கில் மளமளவென்று மில் கதையைத் தொடங்கினார். "இந்த மில்ல மூடப்போறாங்கன்னு யாருக்கும் முன்னாடி தெரியாதுங்க. தைப்பூசத்தன்னிக்குக் காலையில வந்து பாத்தா பூட்டு தொங்குது. ஒருத்தர் மட்டும் வீட்டுக்குப் போகல. ஊர்ல விசேஷம், போற வழியில மில்லுல லீவு சொல்லிட்டுப் போலாம்னு வந்த ஆளு. கைப்பையில கொழந்தைக்கு எடுத்த பட்டுப்பாவாடை இருக்குது. தொறந்துடுவாங்க, தொறந்துடுவாங்கன்னு பொழுது சாயறவரைக்கும் இந்த கேட்டாண்டயே நின்னாராம். வேல போயிடுச்சுன்னு சொல்லிக்கினு சபையில எப்படிப்பா போய் ஒக்காருவேன்னு என்கிட்ட கேட்டாரு. பேர் சொல்லாதன்னு சொல்லியிருக்காரு, அதனால சொல்லல."

அப்பா மாமாவைப் பார்த்துக் கையை ஆட்டினார், நிறுத்து என்று. அது மாமாவின் கண்ணில் படவில்லை. பலகையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த அத்தை நின்றாள். திரும்பி வந்தாள். "தைப்பூசத்தன்னிக்கா?" என்று கேட்டாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "என்னா கலருடா பாவாடை?" என்றாள். "மாம்பழக் கலர்க்கா" என்றார் அப்பா.

அத்தை அதற்குப் பிறகு பஸ் பக்கம் திரும்பவில்லை. ஆனால் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவும் மாட்டேன் என்றாள். சாவுக்கென்று கிளம்பி வந்தவள், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே வரக்கூடாதாம். செத்தவரே உயிரோடு நிற்கும்போது எதற்குக் குளியல் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளங்கியது போலிருந்தது. அத்தை தெருவிலிருந்த அடிபம்புக்கு அருகில், கட்டிய புடவையோடு உட்கார்ந்தாள். அப்பா பம்பு அடித்தார். தன் சாவுக்கு வந்தவளுக்குத் தானே தண்ணீர் இறைத்துக் கொடுத்தவர் ஊரில் அவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். நான் சொம்பில் மொண்டு மொண்டு அத்தையின் தலையில் ஊற்றினேன். நடைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சொம்பு சொம்பாக ஊற்றியும் அத்தை போதும் என்று சொல்லவில்லை. குனிந்த தலையோடு தோள் குலுங்க உட்கார்ந்தே இருந்தாள். பம்பு அடித்த அப்பாவின் முகமும் எப்படியோ நனைந்திருந்தது. மார்கழிக் காலைத் தண்ணீர் அவளுக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் சொம்பை வைத்துவிட்டு, அடுப்பிலிருந்து கொஞ்சம் வெந்நீர் எடுத்து வர உள்ளே ஓடினேன்.