வெட்டி எடுத்த ‘நல்லா’

“…அந்த ‘நல்லா’வ மட்டும் காணோமே தம்பி. என் செல்லுல சவுண்டு சரியில்லையாட்ட இருக்குது, அந்தப் படத்த உங்க செல்லுல போட்டுப் பாருங்க” என்று அந்த அக்கா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

கம்பைநல்லூரில் பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அக்கா எங்கள் தெருக்காரர். சென்னையில் ஒரு சினிமா நடிகர் வீட்டில் பன்னிரண்டு வருடம் சமைத்தவர். நடிகர் இறந்துவிட்டார். இப்போது அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்திருக்கிறது. வீட்டில் வேலை செய்த பெண்களை அவர் விட்டுவைக்கவில்லை என்பதுதான் படம் சொல்ல வருவது. அதில் அக்காவும் வருகிறார். “அவரு வூட்டுல சமைச்சனுங்க. என்னைய வெச்சிருந்தாரு” என்கிறார். உடனே ஒரு சோக இசை.

அக்கா உண்மையில் சொன்னது, “என்னைய நல்லா வெச்சிருந்தாரு, கூடப் பொறந்தவளாட்டம்.” சனங்கள் சொல்கிற சொல்லையெல்லாம் ரசித்துப் பொறுக்கி வைப்பவன் நான். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு நற்சான்றிதழ் கிடையாது. மருமகளையோ மாட்டையோ ஒருத்தன் நல்லா வெச்சிருக்கான் என்றால் அவன் மனுசன். அதில் ‘நல்லா’வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பது தமிழ் பேசும் எல்லாருக்கும் தெரியும். வெட்டியவனுக்கும் தெரியும்.

அக்கா தன் மகளை மொரப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. நாலு பேர் வருகிற இடம், நீங்க வரவேண்டாம் என்று படத்தைப் பார்த்த மருமகன் போனில் சொல்லிவிட்டாராம்.

இயர்போன் மாட்டிக் கேட்டேன். அந்த இடத்தில் அக்காவின் முகத்தை எடுத்துவிட்டு நடிகரின் பழைய போட்டோவைக் காட்டினார்கள். பின்னால் ஒரு சேவல் கூவ ஆரம்பித்து, பாதிக் கூவலில் அறுந்து நின்றது. சேவலோடு சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். முந்தாநாள் நானும் இதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தேன். படத்தில் பேசிய மற்ற பெண்கள் சொன்னது நிஜமா, எனக்குத் தெரியாது. அவர்கள் வாயிலிருந்து எதெதை எடுத்தார்களோ, அதுவும் தெரியாது.

“சவுண்டு இல்லக்கா. வெட்டிட்டாங்க.”

“ஒரே ஒரு வார்த்தையவா?” அதற்கு எவனாவது மெனக்கெடுவானா என்று அவருக்கு நம்பவே முடியவில்லை.

படம் எடுத்தவரின் நம்பர் அக்காவிடம் இருந்தது. என் போனிலேயே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். படம் நீளமாகிவிட்டது, சுருக்கினோம், பார்க்கிறவர்கள் அவரவர் இஷ்டப்படி புரிந்துகொள்வார்கள் என்றார் அவர். மன்னிப்பு என்ற சொல் பக்கத்திலேயே வரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, வேண்டுமானால் இன்னொரு தடவை வருகிறோம், இன்னும் விவரமாகச் சொல்லுங்கம்மா என்றார். அந்த ‘விவரமாக’வில் எச்சில் ஊறியது.

“விவரம் என்னங்க விவரம்? சாப்புட்டுட்டு, ‘உனக்குச் சோறு எடுத்து வெச்சிருக்குதா’ன்னு என்னையக் கேக்காம அந்த மனுசன் ஒரு நாளும் கைகழுவுனதில்ல. அதாங்க விவரம். இதையும் வெட்டிக்கங்க” என்று அக்கா சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

பக்கத்து டீக்கடையில் நின்ற ஒருவர், என்னக்கா, அடுத்த படம் எப்போ என்று கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். முந்தாநாள் நான் சிரித்த அதே சிரிப்பு.

அக்கா என் பக்கம் திரும்பினார். “அவரு செத்துட்டாரு தம்பி, எந்திரிச்சு வந்து சொல்ல மாட்டாரு. நாந்தான சொல்லணும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

மொரப்பூர் பஸ் வந்தது. உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. முன்பக்கமாக ஏறிய அக்கா, காலியாக இருந்த சீட்டில் உட்காராமல், டிரைவரிடம் சொல்லிப் பாட்டை நிறுத்தவைத்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துத் திரும்பி நின்று, “அவரு வூட்டுல சமைச்சனுங்க” என்று முதலிலிருந்து பேச ஆரம்பித்தார்.