பெயர் சொல்லாமல் சொன்ன கதை

மனநலம் பற்றி மேடைகளில் பேசுவது என் தொழில். ஒருநாள் எங்கள் ஊரான சாய்ந்தமருதில், பெயரைச் சொல்லாமல், என் கூட்டாளி றிஸ்வானின் கதையைச் சொன்னேன். பள்ளிவாசலில் அதிகாலைத் தொழுகைக்கு அழைக்கும் சுபஹ் பாங்கைப் பாதியில் நிறுத்தி அழுத ஒரு வாலிபன், மனநல கிளினிக்கில் கொடுத்த குளிசையால் தேறிய கதை.

பாங்கு நின்றதை ஊரே ஒலிபெருக்கியில் கேட்டிருந்தது. அவன் குளிசை எடுப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். திரைக்கு அப்பால், பெண்கள் பக்கத்தில், அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் உம்மாவும் இருந்திருக்கிறார். மறுநாளே அந்தக் கலியாணப் பேச்சு முறிந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"நல்லாத்தான் கதைச்சாய் மச்சான். உன்னட்ட மட்டும்தான் நான் சொன்னன்" என்றான்.

அதன்பின் அவன் கிளினிக்குக்குப் போகவில்லை. எனக்கோ காரைதீவு வரைக்கும் அழைப்புகள் வந்தன. இன்றும் அதே கதையைத்தான் சொல்கிறேன். அவன் தேறிவிட்டான் என்று முடிக்கும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள்.