கனகம் சொன்ன கட்டி

என் வீட்டுக்காரரின் தங்கை கனகலட்சுமிக்குக் கட்டி எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மம்சாபுரத்தில் பாதிப் பேர் அவளுக்குப் புற்றுநோய் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவள் மதுரைக்குப் போய் அறுத்துக்கொண்டது கையில் தொங்கிய தோலை.

போலீஸ்காரரான புருஷன் தவறிய பிறகு கனகத்துக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் மிரட்டிய மிரட்டலில் சோற்றைக் குறைத்தாள், கண்மாய்க் கரையில் நடந்தாள், ஆள் பாதியாக இளைத்தாள். சதை போனது, தோல் போகவில்லை. தோளிலிருந்து முழங்கை வரை இரண்டு பக்கமும் பை மாதிரி தொங்கியது. அவளுக்கு வேலை, ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறி செட்டில். துணியை உயர்த்திப் பிடித்து மடிக்க வேண்டும். கையைத் தூக்கினால் தோல் ஆடும், கூட வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து நீளக் கை ரவிக்கை தைக்கக் கொடுப்பாள்.

ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"மதினி, மதுரையில இத அறுத்துத் தைக்கிறாகளாம். செய்யப்போறேன்."

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? ஊரு என்ன சொல்லும்?"

"கட்டி எடுக்கப் போறேன்னு சொல்லிருவோம்."

அப்படித்தான் சொன்னோம்.

அக்குளிலிருந்து முழங்கை வரை தையல். வலது கை ஒழுங்காகக் கூடிவிட்டது. இடது கையில் அக்குள் பக்கம் தையல் விட்டு நீர் கசிந்தது. சர்க்கரை உடம்பு, புண் சண்டித்தனம் பண்ணும், வாரா வாரம் வந்து கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மதுரை டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவளும் கொஞ்ச நாள் பஸ் ஏறினாள். பக்கத்து வீட்டு அய்யம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒரு கட்டிக்கு எதுக்குடி இத்தன தடவ மதுரை? அதென்ன, ரெண்டு கையிலயுமா கட்டி?"

அதோடு கனகம் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், ஆறிவிட்டது என்றாள்.

ஆறவில்லை. தானே கட்டு மாற்றியிருக்கிறாள், அதுவும் தறி செட் துணியில். எங்கள் பக்கம் தறி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்த வெட்டுத் துண்டு எப்போதும் கிடக்கும். டீ வடிகட்டுவதும் அடுப்படி துடைப்பதும் அதில்தான். ஆனால் தறியிலிருந்து இறங்கும்போது அது வெறும் துணி. நெய்வதற்கு முன் பாவு நூலில் போட்ட கஞ்சியும் தறித் தூசியும் அப்படியே இருக்கும். வெளுத்து, ஆவியில் வெந்து, உறைக்குள் போன பிறகுதான் அதைப் புண்ணில் வைக்கலாம். வருஷக்கணக்கில் அதை மடித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும்.

காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலிலேயே வாடை அடித்தது. துணி கஞ்சியோடு காய்ந்து சதையில் ஒட்டிக் கிடந்தது. வெந்நீர் விட்டு உரித்தால் சீழ் வழிகிறது. எனக்கு அழுகையும் வந்தது, அவளை அறையலாம் போலவும் வந்தது.

"ஊருக்கெல்லாம் நாங்கதான கட்டுத்துணி நெய்யுதோம் மதினி. எனக்கு மட்டும் ஆகாதா?" என்று முனகினாள்.

ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் அவள் மகன் வேல்பாண்டி போன் பண்ணினான். ராணுவத்தில், ஜோத்பூர் பக்கம் இருக்கிறான். இத்தனை தடவை மதுரை என்றால் அது புற்றுதான் என்று அய்யம்மாள் அவனுக்கும் சொல்லியாயிற்று.

"அத்தை, அம்மாவுக்கு அந்த வியாதியாமே? லீவு எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்கே கெளம்பி வாரேன்."

நான் இதைச் சொன்னதும் அந்தக் காய்ச்சலிலும் கனகத்தின் முகம் மலர்ந்தது. "நெசமாவா வாரான்?" என்று இரண்டு முறை கேட்டாள். போன ரெண்டு தீபாவளிக்கும் வராத பிள்ளை.

ஆஸ்பத்திரியிலும் கனகம் கட்டி எடுத்த புண் என்றே சொன்னாள். டாக்டரம்மா கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன கட்டி எடுத்தாங்க? டெஸ்ட் ரிசல்ட் எங்க? புத்துக் கட்டின்னா வேற மாதிரி பாக்கணும். தெரியாம நான் மருந்து குடுக்க முடியாதும்மா."

பின்னால் நீள வரிசை. அதில் எங்கள் ஊர் முகங்களும் இருந்தன. கனகம் செத்த நேரம் என்னைப் பார்த்தாள். அது அவள் சொல்ல வேண்டியது.

"கட்டி இல்லம்மா. தோலு தொங்குச்சு. எனக்குப் பாக்கப் பிடிக்கல, அறுத்துக்கிட்டேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. புண்ணைச் சுத்தம் செய்யச் சொன்னார், வார்டில் சேர்த்தார், ஊசி மருந்து ஏற்றினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கைக்கே ஆபத்து, இனி உள்ளிருந்து மெதுவாகத்தான் ஆறும் என்றார்.

சாயங்காலம் கனகம் போனைக் கேட்டு வாங்கினாள். ஊரே சொல்வதற்கு முன் மகனிடம் தானே சொல்லிவிட நினைத்தாள்.

"எய்யா, அந்த வியாதியெல்லாம் இல்ல. கட்டியே இல்லய்யா..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு அவன் குரல் எனக்கே கேட்டது.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா? உயிர் போற மாதிரின்னு நெனச்சு நான் பயந்தே போனேன். சரி, லீவ கேன்சல் பண்ணிருதேன். பொங்கலுக்குப் பாப்போம்."

"சரிய்யா" என்றாள். போனை என்னிடம் நீட்டினாள். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"கட்டின்னே விட்டிருந்தா வந்திருப்பான் மதினி."