மூக்குக்குப் பின்னால் ஒரு முழம்

திருவனந்தபுரம் தம்பானூரில் கோலப்பன் நடத்திய சாப்பாட்டுக் கடையில் லிங்கராஜ் சப்ளையர். ஊர் சங்கரன்கோவில் பக்கம். 1998இல், நாற்பது வயதில், சாம்பார் கேட்டவருக்குச் சம்பாரத்தை, அதாவது மோரை, கொண்டுபோய் வைத்தார். இப்படி அடிக்கடி நடந்தது.

"வந்து பத்து வருசமாச்சுல்லா, இன்னும் பாஷை வரல்லியேடே," என்றார் கோலப்பன்.

லிங்கராஜ் மலையாளப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். மலையாளம் நன்றாகத் தேறியது. மோர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவரை உள்ளே காய் நறுக்க அனுப்பினார்கள். நாலு பேரோடு பேசாமல் இருக்கத் தெரியாத மனிதருக்கு அது சிறைதான்.

காதைச் சந்தேகித்தவள் மனைவி கலைச்செல்வி. "பாஷை தெரியலன்னே வச்சுக்கிடுவோம். நான் தமிழ்லதான கூப்பிடுதேன், அதுக்கும் ஏன் திரும்ப மாட்டேங்கிய?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காதைப் பார்த்தார். பிறகு மூக்குக்குள் குழாய் விட்டு வெகுநேரம் பார்த்தார். "மூக்கின்டெ பின்னில் ஒரு முழ உண்டு," என்றார்.

"என்னவாம்?" என்றாள் கலைச்செல்வி.

"மூக்குக்குப் பின்னால ஒரு முழம் இருக்காம்," என்றார் லிங்கராஜ்.

"முழமா? என்னது, பூவா?" இருவரும் சிரித்தார்கள்.

தமிழும் தெரிந்த பாறசாலைக்காரியான நர்ஸ் ரோஸ் குறுக்கிட்டாள். "முழம் இல்லண்ணா, முழ. தமிழ்ல கட்டி."

சிரிப்பு நின்றது. பாஷை புரியாததும் சில சமயம் நல்லதுதான்.

காதிலிருந்து ஒரு குழல் மூக்குக்குப் பின்னால் வந்து திறக்கிறதாம். கட்டி அதை அடைத்ததால் செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்கிவிட்டதாம். பெரியவர்களுக்கு இப்படி வருவது அபூர்வம் என்பதால், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. கட்டியைத் திறந்து ஒரு துணுக்கைச் சோதனைக்கு அனுப்பினார்கள். காதிலிருந்த நீரையும் எடுத்தார்கள்.

காது அன்றே திறந்துகொண்டது. ஆனால் அதைக் கொண்டாட ஆளில்லை. சோதனை முடிவு வரும்வரை கலைச்செல்வி சரியாகச் சாப்பிடவில்லை. அடுப்படிக்கு அனுப்பிய கோலப்பனே ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "யாரு என்னத்தக் கேட்டாலும் நீ மோரயே குடு. நல்லாகி வாடே, போதும்."

முடிவு வந்த அன்று டாக்டரம்மா முதலில் சிரித்தார். "பேடிக்கண்டா. வெறும் ஸிஸ்டாணு."

வாக்கியம் முழுக்கப் புரிந்தும் லிங்கராஜ் ரோஸைப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லண்ணா. வெறும் நீர்க்கட்டி."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். காது கேட்காமல் அல்ல.